விரதக்காரனின் மூச்சு

சுதாகரன் தன் மனைவி கஜந்தினிக்கு ஒருநாளும் அடித்ததில்லை. அடித்ததெல்லாம் சாராயம். இதை அவன் சொன்னான், அவனைப் பெற்றவள் சொன்னாள், சுன்னாகம் சந்தையில் அவனோடு மூட்டை இறக்குகிறவர்கள் சொன்னார்கள், கடைசியில் அடி வாங்கிய கஜந்தினியும் அதையே சொன்னாள். "ஆள் தங்கம். உந்தக் குடிதான்." செய்ததையெல்லாம் போட்டு அடைக்க ஒரு போத்தல் கிடைத்துவிட்டால் எந்தக் கழிசடையும் தங்கமாகிவிடுகிறான்.

அந்தச் சாராயத்துக்கு நல்ல கைப்பலம். சித்திரை மாதத்தில் ஒருநாள், புட்டு ஆறிப்போய்விட்டது என்பதற்காக, அது கஜந்தினியின் மணிக்கட்டைக் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் பிடித்துவைத்துக் கதவை அறைந்து சாத்தியது. எலும்பு முறிந்த சத்தம் கிணற்றடிவரைக்கும் கேட்டது. கத்திக்கொண்டு ஓடிவந்த ஏழு வயது மகள் தனுசியாவை உதைக்கக் காலைத் தூக்கியதும் அதே சாராயம்தான். தூக்கிய கால் தடுமாறி அவனே மல்லாக்க விழுந்ததால் பிள்ளை தப்பியது.

அதுவரைக்கும் கஜந்தினி தன் மூக்கை நம்பிப் பிழைத்தவள். பொழுதுபட்டு அவன் வாசற் படலையைத் திறக்கும்போதே முன்னால் போய் நிற்பாள். "ஊதுங்கோ" என்பாள். அவன் ஊதுவான். அந்த மூச்சில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். கொஞ்சம் என்றால் சோற்றைப் போடுவாள். கனக்க என்றால் பிள்ளையை வேலியில் ஆள் நுழையும் பொட்டுக்குள்ளால் பக்கத்து வளவுக்கு அனுப்பிவிட்டு, தான் மட்டும் நின்று வாங்கிக்கொள்வாள். மணிக்கட்டு முறிந்த பிறகு, கரவெட்டியிலிருந்து அவளுடைய தம்பி றமேஸ் ஓட்டோவோடு வந்தான்.  தமக்கையையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

ஐப்பசியில் சுதாகரன் கரவெட்டிக்குப் போய் மாமியார் வீட்டுப் படலைக்கு வெளியே நின்று அழுதான். நன்றாகவே அழுவான். கஜந்தினி வெளியே வந்தாள். எலும்பு பொருந்தப் பத்துப் போட்டிருந்த கை இன்னும் கொஞ்சம் வளைந்துதான் இருந்தது.

"கந்தசட்டி வருது. ஆறு நாளும் ஒழுங்கா விரதம் பிடியுங்கோ. ஒரு சொட்டுக்கூடப் படக்கூடாது. சூரன் போருக்குப் பிள்ளையோடை வாறன். உங்கடை வாய் மணக்காட்டி, விடிய விரதம் முறிக்கிற பாறணைச் சமையல் எங்கடை வீட்டிலை நான்தான்."

"மணந்தால்?"

"மணந்தால் அங்கையிருந்தே திரும்பிப் போவன். பேந்து வரமாட்டன்."

அடிக்கக் கூடாது என்று அவள் கேட்கவில்லை. ஏன் கேட்பாள்? அடித்தது அவன் இல்லையே.

சுதாகரன் பிடித்தது மிளகு விரதம். பாலும் பழமும் எடுத்துக்கொண்டு பிடிப்பவர்களைப் பார்த்து இளக்காரமாகச் சிரித்துவிட்டு, பொழுதுபட நாலு மிளகும் ஒரு செம்பு தண்ணீரும் என்று சங்கற்பம் செய்துகொண்டான். அவனுக்கு உடம்பில் ஒரு வருத்தமும் கிடையாது. சீனி இல்லை, பிறசர் இல்லை. வெங்காய மூட்டையைத் தலையணை மாதிரித் தூக்கி எறியும் உடம்பு. முதல் நாள் அந்த உடம்பு எதையும் காட்டிக்கொள்ளவில்லை. இரண்டாம் நாள் பேயாட்டம் ஆடியது. தலைக்குள் உலக்கை போட்டது. கால் சோர்ந்தது. யாரோ தேங்காய் துருவும் சத்தத்துக்கே வாய் ஊறியது.

அன்று சந்தையில் அவனோடு வேலை செய்கிற கோகுலன், மூட்டைமேல் குந்தியிருந்து வடையைப் பிளேன்ரீயில் தோய்த்துத் தின்றான். தின்றவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"என்ன சுதா அண்ணை, பெண்டிலுக்காகவோ முருகனுக்காகவோ இந்தப் பட்டினி?"

சுதாகரன் மூட்டையை இறக்கி வைத்தான். கோகுலனின் பிடரியைப் பிடித்து அவன் முகத்தைத் தராசுத் தட்டின் விளிம்பில் மோதினான். ஒருமுறை போதாதென்று இன்னொருமுறை மோதினான். இரண்டாவது மோதலில் பல் ஒன்று தெறித்து வெங்காயச் சருகுக்குள் விழுந்தது. மூன்றாவதுக்குத் தலையைத் தூக்கியபோதுதான் நாலைந்து பேர் சேர்ந்து அவனை இழுத்தெடுத்தார்கள். கோகுலன் வாயைப் பொத்திக்கொண்டு குந்தியிருந்தான். விரல்களுக்கு நடுவால் இரத்தம் வடிந்து அவனுடைய தேத்தண்ணிக்குள்ளேயே விழுந்தது.

"விடுங்கோடா, பாவம். பசிக் கோபம்" என்றார் முதலாளி. "வெறும் வயித்திலை மனிசனுக்குக் கண் தெரியாது."

எல்லோரும் தலையாட்டினார்கள். சாராயம் லீவில் நிற்கும்போது அந்த வேலையைப் பார்க்கப் பசி வந்துவிட்டது. சுதாகரனும் அதையே நம்பினான். விரதம் முடிந்தால் பசியும் முடியும், பசி முடிந்தால் தானும் தங்கம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு கிணற்றடியில் போய்க் கை கழுவினான்.

மூன்றாம் நாள் ஒரு புதினம் நடந்தது. பசி போய்விட்டது. தணியவில்லை, போயே போய்விட்டது. வயிறு என்று ஒன்று இருந்த இடமே தெரியவில்லை. தலையிடி நின்றது. கண் துலங்கியது. வாழைத் தோட்டத்தில் நின்றால் ஒவ்வொரு இலையின் நரம்பும் தனித்தனியாகத் தெரிந்தது. நாலாம் நாளும் ஐந்தாம் நாளும் அந்தத் தெளிவு கூடிக்கொண்டே போனது. நித்திரை குறைவு, ஆனால் களைப்பு இல்லை. வாய்க்குள் மட்டும் ஒரு இனிப்பான கசப்பு. உள்ளங்கையில் ஊதி மணந்து பார்த்தான். வைக்கோலுக்குள் வைத்து மறந்துபோன கதலிப்பழம் மாதிரி ஒரு மணம்.

அவனுக்கு மயிர் கூச்செறிந்தது. முருகன் தனக்குள்ளே வந்து இறங்கிவிட்டான் என்றே நினைத்தான். சாராயம் நாறிய வாயில் பழம் மணக்கிறது என்றால் வேறு என்ன அர்த்தம்? கோயிலில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டு கண்ணீர் விட்டான். அந்தக் கண்ணீர் பொய் இல்லை. கஜந்தினி வருவாள், பிள்ளை மடியில் வந்து இருக்கும், கதவு நிலையில் படிந்த கறையைச் சுரண்டிப் புதுப் பெயின்ற் அடிக்க வேண்டும் என்றெல்லாம் மனம் ஓடியது. அப்படி ஆசைப்பட்டவனை வெறுக்க யாருக்கும் மனம் வராது.

ஆறாம் நாள் பின்னேரம் கோயில் வீதியில் கால் வைக்க இடமில்லை. தவிலும் பறையும் சேர்ந்து அடித்த அடியில் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. ஆள் உயரத்துக்கு மேலே நின்ற மரச் சூரனை, தண்டுகளில் தோள் கொடுத்து இளந்தாரிகள் சுழற்றினார்கள். முன்னால் ஓடினார்கள், பின்னால் பாய்ந்தார்கள், முருகனுடைய வாகனத்தை முட்டுவது போலப் போய்த் திரும்பினார்கள். சூரன் ஆட்டத்தில் பல்லுப் பறப்பதும் தோள் இறங்குவதும் புதிதல்ல. யாருக்கு யாரோடு பழைய கோபம் இருந்தாலும் முழங்கையால் தீர்த்துக்கொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை. முன் தண்டில் சுதாகரன். செம்மண் புழுதி வேர்வையில் குழைந்து உடம்பெல்லாம் பூசியிருந்தது. ஆறு நாள் பட்டினி கிடந்தவன் என்று யாரும் சொல்லமாட்டார்கள். தண்டு நழுவி அவன் தோளைக் கிழித்தது. இரத்தம் வந்தது. அவன் சிரித்தான்.

வேல் வந்து யானைமுகத் தலை விழுந்தது. பிறகு சிங்கமுகத் தலை விழுந்தது. சூரனுடைய சொந்தத் தலையைப் பூட்டுவதற்காகச் சிலையை இறக்கி வைத்தபோதுதான், தேர் நிறுத்தும் தேர்முட்டியடியில் நின்ற கஜந்தினியை அவன் கண்டான். பக்கத்தில் றமேஸ். தனுசியா பச்சைப் பட்டுப் பாவாடை கட்டிக்கொண்டு, காதைப் பொத்தியபடி நின்றாள்.

அவன் சனத்தைத் தள்ளிக்கொண்டு ஓடிப்போனான். பிள்ளையை வாரித் தூக்கிக் கன்னத்தில் கொஞ்சினான். பிள்ளை முகத்தைத் திருப்பியது.

"அம்மா, அப்பா மணக்கிறார்."

அவன் சிரித்தான். "அது சாமி மணம் பிள்ளை."

கஜந்தினி சிரிக்கவில்லை. பிள்ளையை அவன் கையிலிருந்து வாங்கி இறக்கிவிட்டாள். அவனுக்குக் கிட்ட வந்து, படலையடியில் எத்தனையோ பொழுது நின்றது போலவே நின்றாள்.

"ஊதுங்கோ."

அவன் பெருமையோடு நெஞ்சு நிறைய இழுத்து அவள் முகத்தில் ஊதினான். ஆறு நாளும் இதற்காகத்தானே காத்திருந்தான். அவள் கண் இரண்டும் மெல்ல மூடின. திறந்தபோது அவற்றில் ஒன்றும் இருக்கவில்லை.

"குடிச்சிருக்கிறியள்."

"என்ன விசர்க்கதை கதைக்கிறாய்? முருகன் அறிய ஒரு சொட்டும் படேல்லை."

"எனக்கோ மணம் தெரியாது? எத்தினை வரியமா மணந்தனான்."

றமேஸ் இடையில் வந்து மூக்கை நீட்டினான். அவனுக்கும் அடித்தது. புளித்துக் காய்ச்சியது போல ஒரு மணம். "அத்தான், விரதத்திலையும் ஊத்திப்போட்டோ சூரனைத் தூக்கிறியள்? வெக்கமில்லையே?"

அவன் அதைக் கொஞ்சம் உரத்துத்தான் சொன்னான். சுற்றி நின்றவர்கள் திரும்பினார்கள். "வெறிக்குட்டி" என்று யாரோ சொன்னது பறைச் சத்தத்துக்கு மேலால் கேட்டது. யாரோ சிரித்தார்கள். கஜந்தினி சத்தம் போடவில்லை, அழவில்லை. அவன் குடித்துவிட்டான், அவ்வளவுதான் என்கிற மாதிரிப் பிள்ளையின் கையைப் பிடித்தாள்.

"வா பிள்ளை, போவம்."

அவள் திரும்பினாள். அவன் அடித்தான்.

குடிவெறியில் அடித்த நாட்களில் எல்லாம் அவனுக்குக் கலங்கலாகத்தான் ஞாபகம் இருக்கும். ஒரு கதவு, ஒரு கத்தல், விடிந்தால் ஒரு வீக்கம். அன்று எல்லாம் துலக்கமாகத் தெரிந்தது. அவளுடைய தோட்டில் சிவப்புக் கல் ஒன்று விழுந்து பள்ளமாக இருந்ததைக் கண்டான். கழுத்தடியில் வேர்வை வழிவதைக் கண்டான். காதையும் தாடையையும் சேர்த்து எந்த இடத்தில் கை விழப்போகிறது என்று விழமுன்னமே தெரிந்தது. தோளிலிருந்து வந்த அடி. தாடை கழன்ற சத்தத்தை அவன் கையே கேட்டது. அவள் தேர்முட்டிக் கல்லில் தலை பட விழுந்தாள். அவன் காலைத் தூக்கினான். இம்முறை கால் தடுமாறவில்லை. விலாவில் உதைத்தான். அவள் ஈனமாக ஒரு சத்தம் போட்டாள். இன்னொருமுறை உதைத்தான். பிள்ளை குறுக்கே விழுந்து தாயைக் கட்டிப்பிடித்தது. அவன் குனிந்து பிள்ளையின் பின்னலைப் பிடித்து இழுத்து ஒரு பக்கமாக வீசிவிட்டு மூன்றாவது உதையை உதைத்தான்.

பிறகு றமேஸ் அவன்மேல் பாய்ந்தான். சூரனைத் தூக்கியவர்களும் பாய்ந்தார்கள். யாரோ தண்டு முட்டுக் கொடுக்கும் கவைத்தடியால் முழங்காலில் போட்டார்கள். விழுந்தவனை எழும்ப விடவில்லை. முகத்தில் மிதித்தார்கள், வயிற்றில் மிதித்தார்கள். "கோயில் வீதியிலை குடிச்சுப்போட்டு வந்து பொம்பிளைக்கு அடிக்கிறியோடா" என்று ஒவ்வொரு மிதிக்கும் ஒருவன் கேட்டான். மூக்கு நசிந்து இரத்தம் தொண்டைக்குள் இறங்கியது. அந்த நிலையிலும் அவன் வாய் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தது. "குடிக்கேல்லை. நான் குடிக்கேல்லையடா." பறை நிற்கவில்லை. பெடியள் திரும்பிப் போய்த் தண்டுக்குள் தோள் கொடுத்தார்கள். வேல் வந்து சூரனுடைய தலையும் விழுந்தது. சனம் "அரோகரா" என்றது.

விடிந்தபோது அவன் ஆசுபத்திரிக் கட்டிலில் கிடந்தான். முழங்காலில் மாக்கட்டு, மூக்கில் பஞ்சு, கையில் குளுக்கோசு ஏறிக்கொண்டிருந்தது. ஊரெல்லாம் பாறணைக்குச் சோறு வடிக்கிற நேரத்தில் அவனுடைய விரதம் நரம்புக்குள்ளால் முறிந்துபோயிருந்தது. கட்டிலடியில் ஒரு பொலிஸ்காரர் கதிரை போட்டு இருந்தார். வயதான மனிதர், அவருக்கும் நித்திரை இல்லை.

"உம்மடை மனிசி இரவே வாக்குமூலம் தந்திட்டா" என்றார் அவர். "தாடையைக் கட்டியிருக்கினம், பல்லைக் கடிச்சுக்கொண்டு சொன்னவ. குடிவெறியிலை சுய நினைவில்லாமல் செய்தது, வழக்கு வேண்டாமாம். உமக்குக் கிடைச்ச பெண்சாதி தெய்வமப்பா. மன்னிப்புக் கேட்டுப்போட்டு வீட்டை போம்."

கொஞ்சம் அறிவுள்ளவன் அந்த இடத்தில் வாயை மூடியிருப்பான். சுதாகரனுக்கு நெஞ்சு கொதித்தது. "நான் வெறியிலை இல்லை ஐயா! ஒரு சொட்டும் குடிக்கேல்லை!"

அந்த நேரம் பார்த்து வார்ட்டுக்குள் வந்த டொக்டர் நிவேதனா அதைக் கேட்டுச் சிரிக்காமல் நின்றாள். சின்னப் பெண். இரவு அவனுக்குத் தையல் போட்டதும் அவள்தான்.

"அவர் சொல்லுறது உண்மைதான்" என்றாள் பொலிஸ்காரரிடம். "ரத்தத்திலை மதுசாரம் துப்பரவா இல்லை. கந்தசட்டி முடிய வரியா வரியம் இப்பிடி மணத்தோடை ஆக்கள் வருவினம். சாப்பாடு நிண்டால் உடம்பு முதல் ஈரலிலை சேர்த்து வைச்ச சீனியை எடுத்துச் செலவழிக்கும். அது ஒரு நாளோடை முடிஞ்சிடும். பேந்து கொழுப்பைத்தான் எரிக்கும். எரிக்கேக்கை வாற மணம் மூச்சிலை வரும். பழுத்த பழம் மாதிரியும் இருக்கும், சாராயம் மாதிரியும் இருக்கும். நோய் நொடி இல்லாத ஆக்களுக்கும் இது வரும், பயப்பிட ஒண்டுமில்லை. குளுக்கோசு ஏறினதும் நிண்டிடும்."

சுதாகரன் ஊசியோடு எழும்பி உட்கார்ந்துவிட்டான். நசிந்த முகம் முழுக்கச் சிரிப்பு. "கேட்டியளே ஐயா? கேட்டியளே?" பிறகு அவனுக்கு இன்னொரு ஆசை வந்தது. "டொக்டர், அப்ப அந்தக் கோபமும் உந்தப் பட்டினியாலைதானே வந்தது? ரத்தத்திலை சீனி இல்லாட்டி மனிசனுக்குக் கண் தெரியாது எண்டு சொல்லுவினம்."

டொக்டர் அவன் கையில் இழுபட்ட குளுக்கோசுக் குழாயைச் சரிசெய்தாள். "முதல் இரண்டு நாளிலை எரிச்சல் வரும். ஆறாம் நாள் கனபேர் அமைதியாத்தான் இருக்கினம், மூளை தெளிவா இருக்குமாம். உங்களுக்கு எப்பிடி இருந்தது?"

 கல் விழுந்த தோடு கண்ணுக்குள் வந்து போனது. ஆனால் அதைத் தள்ளிவிட்டு அவன் மனம் பெரிய சந்தோசத்தின் பின்னால் ஓடிவிட்டது. குடிக்கவில்லை என்று நிரூபணமாகிவிட்டது. அவள் கேட்டது அதைத்தானே? வாய் மணக்கக் கூடாது என்றாள், மணந்தது சாராயம் இல்லை. இனி அவள் என்ன சொல்லி வராமல் நிற்பாள்?

கஜந்தினி வாசலில் நின்றாள். தாடையைச் சுற்றிக் கட்டு, ஒரு காதில் பஞ்சு, விலாவைக் கையால் பிடித்தபடி நின்றாள். பின்னால் றமேஸ், அவன் தோளில் தனுசியா நித்திரையாகக் கிடந்தாள். பொலிஸ்காரரிடம் கையெழுத்து வைத்துவிட்டு வழக்கை முடித்துக்கொண்டு போக வந்திருந்தார்கள்.

"கஜா! இஞ்சை வா, டொக்டர் சொல்லுறதைக் கேள்!" என்று அவன் கத்தினான். "நான் குடிக்கேல்லை. பட்டினி மணமாம். ரத்தத்திலை பாத்திட்டினம். டொக்டர், சொல்லுங்கோ, அவவுக்கும் ஒருக்காச் சொல்லுங்கோ!"

டொக்டர் சுருக்கமாகச் சொன்னாள். கஜந்தினி கேட்கும் காதைத் திருப்பிக் கேட்டாள். பிறகு கட்டிலடிக்கு வந்தாள். றமேஸ் தடுக்கக் கை நீட்டினான், அவள் விலக்கினாள். பல்லுக்கு நடுவால் சொல் மெதுவாகத்தான் வந்தது.

"ஒரு சொட்டும் இல்லையோ?"

"முருகன் அறிய இல்லை."

"பசியோ? தலைச்சுத்தோ?"

"மூண்டாம் நாளோடை பசி நிண்டிட்டுது. நல்ல தெளிவா இருந்தனான். நீ வந்ததிலையிருந்து எல்லாம் எனக்கு வடிவா ஞாபகம் இருக்கு."

சொன்ன பிறகுதான் அவனுக்கே அந்தச் சொல் எங்கேயோ இடித்தது. அவள் குனிந்தாள்.

"ஊதுங்கோ."

அவன் ஊதினான். இரவெல்லாம் ஏறிய குளுக்கோசில் மணம் போய்விட்டிருந்தது. பழம் இல்லை, சாராயம் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரு மனிதனுடைய வெறும் மூச்சு. அவள் அதை மூக்கால் இழுத்து இழுத்துத் தேடினாள். ஏதாவது இருக்காதா என்று தேடுகிற மாதிரித்தான் இருந்தது. அவள் தேடத் தேட அவனுடைய சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது.

"இவ்வளவு வரியமும் வேற ஆரோ அடிக்கிறான் எண்டு நினைச்சுக்கொண்டு உங்களோடை இருந்தனான்" என்றாள். "குடிச்சிருந்தியளெண்டால் என்னாலை திரும்பி வர ஏலும்."

"கஜா..."

அவள் நிமிர்ந்தாள். விலா நொந்தது, ஒரு கணம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு பொலிஸ்காரரின் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, நான் இரவு சொன்னது பிழை. மாத்தி எழுதுங்கோ. அவர் வெறியிலை இல்லை."